கொன்றது அரசியல் அல்ல, பாக்கி

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிற்றுக்கிழமை இணைப்பிதழில் சிற்றிதழ்களைப் பற்றி வந்த முழுப்பக்கக் கட்டுரையைக் காலையில் படித்துவிட்டுப் பேசாமல் மடித்து வைத்தேன். மாலையில் மறுபடியும் எடுத்தேன். இரண்டு வரிகள் தொண்டையில் முள்ளாக நின்றுகொண்டு இறங்க மறுத்தன. ஒன்று, இலக்கியப் பத்திரிகைகள் கதை கவிதையோடு நிற்காமல் அரசியலையும் ஓவியத்தையும் உள்ளே இழுத்துக்கொண்டதால்தான் வாசகரை இழந்து மடிந்தன என்பது. இன்னொன்று, சேலத்துக்கு இரும்பாலையும் மாம்பழமும் உண்டே தவிர, இலக்கியப் பத்திரிகை நடத்திய பழக்கம் கிடையாது என்பது. புதன்கிழமை ஆத்தூர் வாசகர் ஒருவர் அதற்குத் தாளம் போட்டு, அந்தப் பத்திரிகைகளில் வந்த கோட்டோவியங்கள் எல்லாம் பக்கத்தை நிரப்ப வைத்த சரக்கு என்று எழுதியிருந்தார். இதற்கு மேலும் சும்மா இருந்தால் நான் கோத்த எழுத்துக்களே என்னை மன்னிக்காது.

நான் எழுத்தாளன் அல்லன். செவ்வாய்ப்பேட்டைச் சந்து ஒன்றில் இருந்த அச்சகத்தில் 1970-இல் பதினாறு வயதில் எடுபிடியாகச் சேர்ந்து, இரண்டு வருடத்தில் ஈய எழுத்துக்களை ஒவ்வொன்றாகக் கோத்துப் பக்கம் ஆக்கும் அச்சுக்கோப்பாளன் ஆனவன். ஆஃப்செட் அச்சு முறை வந்து ஈய எழுத்துக்களை எடைக்குப் போடும் வரை அங்கேதான் இருந்தேன். இலக்கியத்தை நான் படித்ததெல்லாம் தலைகீழாகத்தான். எழுத்தை வரிசையாக அடுக்கும் ஸ்டிக்கை இடது கையில் பிடித்து, எழுத்தைத் தலைகீழாக வைத்து, இடமிருந்து வலமாகக் கோப்போம். அப்படியே வாசித்துப் பழகிவிடும். இன்றைக்கும் பஸ்ஸில் எதிர் இருக்கைக்காரர் மடியில் விரித்திருக்கும் செய்தித்தாளை என்னால் சிரமம் இல்லாமல் படித்துவிட முடியும். (கட்டுரையில் இரண்டு இடத்தில் 'அச்சுக்கோர்ப்பு' என்று வந்திருக்கிறது. பூவானாலும் எழுத்தானாலும் கோப்பதுதான். மெய்ப்பு பார்ப்பவரிடம் சொல்லிவையுங்கள்.)

முதலில் ஊர் விஷயம். கட்டுரையாளருக்குச் சேலம் ஜங்ஷனில் இறங்கி ஏற்காடு பஸ் பிடிப்பதோடு ஊர் முடிந்துவிடுகிறது போலும். 1968-இல் இந்தச் சேலத்திலிருந்துதான் 'நடை' வந்தது. கவிஞர் சி. மணியும் நண்பர்களும் சேர்ந்து நடத்திய காலாண்டிதழ். மொத்தம் எட்டே இதழ்கள். ந. முத்துசாமியின் நாடகம் அதில் வந்தது, ஞானக்கூத்தனின் கவிதை வந்தது. தமிழில் புதுக்கவிதையைப் பற்றிப் பேச உட்காருகிற எவரும் இந்த எட்டு இதழைத் தாண்டிப் போக முடியாது. அதைக் கோத்த கை என் கை அல்ல. நான் வேலைக்குச் சேர்ந்தபோது அது நிற்கும் கட்டத்துக்கு வந்துவிட்டது. ஆனால் எங்கள் முதலாளியின் மேசை இழுப்பறையில் அதன் பிரதி ஒன்று இருந்தது. கல்யாணப் பத்திரிகை மாதிரிகளுக்கு அடியில் அதை வைத்திருப்பார். வேலை கற்றுக்கொடுத்த மூத்த அச்சுக்கோப்பாளர், நாங்கள் அண்ணன் என்று கூப்பிடுபவர், அதை எடுத்து விரித்து, "பாருடா, பக்கத்தில் எவ்வளவு வெள்ளை விட்டிருக்கிறார்கள். காசு இருப்பவன்கூட இப்படி விடமாட்டான்" என்றார். கவிதை எனக்கு அன்று புரியவில்லை. அந்த வெள்ளை புரிந்தது.

அதற்கும் முன்னால் போக வேண்டுமா? 1929-இல் புதுப்பாளையம் காந்தி ஆசிரமத்திலிருந்து ராஜாஜி 'விமோசனம்' நடத்தினார். திருச்செங்கோட்டுக்குப் பக்கத்துப் புதுப்பாளையம் இன்றைக்கு நாமக்கல் மாவட்டம், அன்றைக்குச் சேலம் மாவட்டம். ராஜாஜிக்குக் கை கொடுக்க வந்து உட்கார்ந்தவர் கல்கி. அந்தப் பத்திரிகைக்கு இருந்த வேலை ஒன்றுதான்: கள்ளுக்கடையை மூட வேண்டும். அதற்காகக் கல்கி கதை எழுதினார். பத்து இதழோடு அது நின்றது. எட்டு வருடம் கழித்து, 1937 அக்டோபர் முதல் தேதி, சென்னை மாகாணத்தில் முதன்முதலாக மதுவிலக்கு வந்த மாவட்டம் எது என்று கட்டுரையாளர் தேடிப் பார்க்கட்டும். எங்கள் மாவட்டம்தான். மதுவிலக்கு சரியா தவறா என்கிற வழக்குக்கு நான் வரவில்லை. என் தாத்தா அதை எப்படிச் சமாளித்தார் என்பது வீட்டுக்குள் இருக்க வேண்டிய கதை. கதையும் அரசியலும் ஒரே அட்டைக்குள் இருந்த பத்திரிகை பத்து இதழில் என்ன செய்ய முடியும் என்பதற்கு வெளியூர் உதாரணம் தேட வேண்டியதில்லை என்று மட்டும் சொல்கிறேன்.

காங்கிரஸ் தலைவர் வரதராஜுலு நாயுடுவின் 'தமிழ்நாடு' சேலத்தில் பிறந்து பிறகு சென்னை போன பத்திரிகை. 'வானம்பாடி' கவிதை இதழ் கோவையில் கிளம்பியபோது சேலத்துக் கவிஞர் தமிழ்நாடன் அந்தக் கூட்டத்தில் ஒருவர். இன்னும் சொல்லலாம். பட்டியல் போட்டால் பாதியில் வெட்டிவிடுவீர்கள்.

இனி பெரிய குற்றச்சாட்டுக்கு வருகிறேன். அரசியலைச் சேர்த்ததால் மடிந்தன என்கிறார். தமிழில் பத்திரிகை என்ற ஒன்று உருப்படியாகத் தொடங்கியதே அப்படித்தானே? பாரதி 1906-இல் 'இந்தியா'வில் உட்கார்ந்தபோது அரசியல் எழுதினார், அதே பத்திரிகையில் கேலிச்சித்திரமும் போட வைத்தார். கவிஞர் ஒருவர் ஓவியரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வெள்ளைக்காரனை நையாண்டி செய்த பத்திரிகை அது. 'மணிக்கொடி'யை 1933-இல் ஆரம்பித்த சீனிவாசன், வ.ரா., சொக்கலிங்கம் மூவரும் விடுதலை அரசியலில் ஊறியவர்கள். பெயரே கொடியின் பெயர். சிறுகதைப் பத்திரிகையாக அது மாறியது பிறகு, பி.எஸ். ராமையா கைக்கு வந்த பின்னால். விஜயபாஸ்கரனின் 'சரஸ்வதி' இடதுசாரிப் பத்திரிகைதான். ஜெயகாந்தனும் சுந்தர ராமசாமியும் அதில் எழுதியதால் கதை கெட்டுப் போயிற்றா, அரசியல் கெட்டுப் போயிற்றா?

எதிர்ப்பக்கமும் பாருங்கள். சி.சு. செல்லப்பா 1959 ஜனவரியில் 'எழுத்து' தொடங்கினார். கவிதை, விமர்சனம், இவைதான் அதன் சோறு. கட்சி அரசியல் கிடையாது. இத்தனைக்கும் செல்லப்பா விடுதலைப் போராட்டத்தில் சிறைக்குப் போனவர். கட்டுரையாளர் சொல்கிறபடி அரசியலை வாசலிலேயே நிறுத்திய அந்தப் பத்திரிகை செழித்திருக்க வேண்டும். நடந்தது என்ன? 119 இதழோடு 1970-இல் நின்றது. நடுவில் அந்த மனிதர் தாம் வெளியிட்ட புத்தகங்களை மூட்டையாகச் சுமந்துகொண்டு ஊர் ஊராக, கல்லூரி கல்லூரியாகப் போய் விற்றார். அரசியல் பேசியதும் நின்றது, பேசாததும் நின்றது என்றால், வியாதி வேறு எங்கோ இருக்கிறது என்று தோன்ற வேண்டாமா?

அந்த வியாதியின் பெயர் எனக்குத் தெரியும். அதை நான் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தவன்.

எங்கள் அச்சகத்தில் 1973 முதல் 1978 வரை ஓர் இலக்கியப் பத்திரிகை அச்சாயிற்று. பெயர் வேண்டாம். நடத்தியவர் பள்ளிக்கூட ஆசிரியர். இன்று இல்லை. பிள்ளைகள் வெளியூரில் இருக்கிறார்கள், அவர்களைக் கேட்காமல் எழுதுவது முறையல்ல. நாங்கள் அவரை சார் என்போம். பகலில் எங்களுக்கு மண்டி பில் புத்தகம், ஜவ்வரிசி ஆலை லேபிள், கொலுசுக் கடை ரசீது, சினிமா நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை. இவைதான் அடுப்பு எரிய வைத்தவை. இரவு ஏழு மணிக்கு மேல் சார் சைக்கிளில் வருவார். பையில் கைப்பிரதி, இன்னொரு பையில் எல்லோருக்கும் தட்டுவடை செட். தட்டுவடைகளுக்கு நடுவில் வைக்கும் பீட்ரூட் துருவல் பட்டு அந்தக் காலத்துக் கைப்பிரதிகள் பலவற்றில் சிவப்புக் கறை இருக்கும். திருத்தம் என்று நினைத்து நான் ஒரு முறை ஒரு சொல்லை விட்டுவிட்டேன். கவிஞர் அடுத்த இதழ் வந்ததும், "அந்தச் சொல் இல்லாமல்தான் நன்றாக இருக்கிறது" என்று கடிதம் எழுதினார்.

எங்களிடம் இருந்த பத்துப் பாயிண்ட் எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டுப் பக்கம் கோத்து, மெய்ப்பு எடுத்து, திருத்தி, சேஸ் என்கிற இரும்புச் சட்டத்தில் இறுக்கி, டிரெடில் என்கிற அச்சு இயந்திரத்தில் ஓட்டி, மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து, ஒவ்வோர் எழுத்தையும் அதனதன் கட்டத்தில் கலைத்துப் போட்டால்தான் அடுத்த எட்டுப் பக்கத்துக்கு எழுத்து கிடைக்கும். அதாவது, முதல் எட்டுப் பக்கத்தில் கவிதை என்றால், அந்தக் கவிதையைக் கலைத்த எழுத்தில்தான் அடுத்த எட்டுப் பக்கத்து அரசியல் கட்டுரையைக் கோப்பேன். அதைக் கலைத்து ஓவியக் கண்காட்சி பற்றிய குறிப்பு. மறுநாள் காலையில் அதே எழுத்தில் "நிகழும் மங்களகரமான" என்று கல்யாணப் பத்திரிகை. கவிதைக்கு ஒரு பெட்டி, அரசியலுக்கு ஒரு பெட்டி என்று எந்த அச்சகத்திலும் எழுத்துப் போட்டு வைக்கும் கேஸைச் செய்து வைத்திருக்கவில்லை.

ஏன், அந்தக் கேஸுக்குள்ளேயே ஒரு நாள் அரசியல் வந்து கை வைத்தது. 1978 அக்டோபரில் பெரியாரின் எழுத்துச் சீர்திருத்தத்தை அரசு ஏற்று ஆணை போட்டது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலிய பதின்மூன்று எழுத்துக்கள் புது வடிவத்துக்கு வந்தன. 'லை'க்கும் 'னை'க்கும் இருந்த கொம்பு போயிற்று. எத்தனையோ பேர் மேடையில் வாதிட்டார்கள். எங்களுக்கு அது கேஸில் சில கட்டங்கள் காலியாவது. அண்ணன் பழைய 'னை' ஒன்றை எடுத்து வெற்றிலைப் பெட்டியில் போட்டுக்கொண்டார். திராவிடர் கழகம் என்ற பெயர் சூட்டிய 1944 மாநாடு நடந்த ஊர் இது. அந்த மாநாட்டுப் பந்தலுக்குச் சிறுவனாகத் தண்ணீர் சுமந்ததாக அடிக்கடி சொல்லும் அண்ணன்தான், கொம்பு போனதற்கு அன்று முழுக்க முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். மனிதன் இப்படித்தான் இருக்கிறான்.

ஓவியத்துக்கு வருகிறேன். ஆத்தூர் வாசகர் கவனிக்க வேண்டும். ஈய எழுத்துக் காலத்தில் ஒரு பக்கத்தை எழுத்தால் நிரப்புவதற்கு என் கூலி போதும். ஒரு படம் போட பிளாக், அதாவது படத்துக்கான அச்சுக்கட்டை, வேண்டும். துத்தநாகத் தகட்டில் பிளாக் செய்பவர்கள் சதுர அங்குலக் கணக்கில் காசு வாங்குவார்கள். படம் பெரிதாகப் பெரிதாகப் பணம் ஏறும். உள்ளங்கை அளவுப் படத்துக்கு ஆகிற செலவில் இரண்டு பக்கம் கட்டுரை கோத்துவிடலாம். பக்கத்தை நிரப்ப வேண்டும் என்று நினைப்பவன் கடையிலேயே விலை கூடின சரக்கை வாங்கி நிரப்புவானா? ஆதிமூலம், பாஸ்கரன், தட்சிணாமூர்த்தி போன்ற ஓவியர்கள் அன்றைய சிறுபத்திரிகைகளுக்கு வரைந்து கொடுத்தார்கள் என்றால், அதைப் போடுவதற்கு அந்தப் பத்திரிகைக்காரர்கள் பிளாக்குக்காக யார் யாரிடம் கடன் சொன்னார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டும்.

சாரிடம் பிளாக்குக்குக் காசு இருக்காது. ஒரு முறை, அம்மாப்பேட்டையில் தறி நெய்துகொண்டே படம் வரையும் இளைஞர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு வந்தார். அந்தப் பையன் பழைய தரைவிரிப்பு லினோலியம் துண்டு ஒன்றில், குடைக்கம்பியைத் தீட்டிச் செய்த உளியால் தறிக்குழியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்திருக்கும் ஒரு பெண்ணைச் செதுக்கிக் கொண்டுவந்திருந்தார். அதை மாமரப் பலகையில் ஒட்டினோம். எழுத்தின் உயரமும் பலகையின் உயரமும் ஒன்றாக இருந்தால்தான் மை சமமாகப் பிடிக்கும். ஒரு மயிரிழை தாழ்ந்தாலும் படம் வெளுத்துவிடும். அடியில் சிகரெட் பெட்டி அட்டையைக் கிழித்து வைத்தேன். முதல் தாளில் பெண்ணின் முகம் வரவில்லை, கால் மட்டும் வந்தது. இன்னொரு அட்டை. இப்போது முகம் வந்தது, தறிக்கட்டை அழுத்தி மை வழிந்தது. மெல்லிய பட்டம் விடும் காகிதத்தை முகத்துக்கு நேராக மட்டும் கிழித்து ஒட்டினேன். இரவு பதினொன்றரை ஆயிற்று. ஏழாவது தாளிலோ எட்டாவது தாளிலோ, அந்தப் பெண்ணின் கழுத்து நரம்பு ஒரு வெள்ளைக் கோடாகத் தெரிந்தது. பையன் ஒன்றும் பேசவில்லை. ஈரத் தாளை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு விளக்குக்கு அடியில் போய் நின்றார். "எங்க அம்மா" என்றார்.

அந்தப் படத்துக்கு எதிர்ப்பக்கத்தில் கைத்தறி நூல் விலையைப் பற்றிய கட்டுரை இருந்தது. அதில் எது கலை, எது அரசியல் என்று பிரித்துக் கொடுக்கச் சொன்னால் என்னால் முடியாது. கட்டுரையாளருக்கு முடியுமானால் அந்த இதழ் என்னிடம் இருக்கிறது, வந்து பார்க்கலாம்.

அரசியலால் எங்களுக்கு ஆபத்தே வந்ததில்லை என்று சொல்லமாட்டேன். பத்திரிகையில் அச்சிட்டவர் பெயரும் அச்சக முகவரியும் போட வேண்டும் என்பது சட்டம். எழுதியவர் புனைபெயரில் ஒளிந்துகொள்ளலாம், அச்சிட்டவர் ஒளிய முடியாது. 1975 ஜூனில் நெருக்கடி நிலை வந்தது. 1976 ஜனவரி 31-ஆம் தேதி மாநில அரசைக் கலைத்தார்கள். அதற்குப் பிறகு தணிக்கை எங்கள் சந்து வரை வந்தது. மெய்ப்பைக் கொண்டுபோய்க் காட்டிவிட்டுத்தான் அடிக்க வேண்டும் என்றார்கள். ஒரு கவிதையைச் சிவப்புப் பென்சிலால் அடித்துத் திருப்பி அனுப்பினார்கள். அது தூர்ந்துபோன ஊர்க்கிணற்றைப் பற்றிய பதினான்கு வரி. அதில் அரசியல் இருந்ததாக எழுதியவருக்கே தெரியாது. அரசியல் வேண்டாம் என்று விலகுகிறவர் எவ்வளவு தூரம் விலகுவது? கிணறு வரைக்குமா?

கவிதையை எடுத்துவிட்டால் பக்கத்தில் ஓட்டை விழும். வெற்றிடமும் விடக்கூடாது என்று சொல்லிவிட்டார்கள். முதலாளிக்குக் கை நடுங்கியது. வேறு கவிதை கோக்க நேரம் இல்லை. பக்கத்து அலமாரியில் மாம்பழ மண்டி ஒன்றின் பில் புத்தகத்துக்காகச் செய்து வைத்திருந்த மாம்பழ பிளாக் கண்ணில் பட்டது. அண்ணன் அதை எடுத்து ஓட்டைக்குள் வைத்தார். கச்சிதமாகப் பொருந்தியது. அப்படியே இறுக்கி அடித்தோம். ஒரு பக்கம் முழுக்க எழுத்தே இல்லாமல் நடுவில் ஒரே ஒரு மாம்பழம். தணிக்கைக்காரர்களுக்கு அதில் ஆட்சேபணை இல்லை. வாசகர்களிடமிருந்து ஒன்பது கடிதங்கள் வந்தன. எட்டுப் பேருக்கு விஷயம் புரிந்திருந்தது. ஒருவர் மட்டும் அது மல்கோவாவா, குண்டுவா என்று கேட்டிருந்தார். சார் அந்தக் கடிதத்தைத்தான் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டி வைத்திருந்தார்.

இத்தனைக்கும் பத்திரிகை நிற்கவில்லை. சிவப்புப் பென்சிலுக்குப் பிறகும் இரண்டு வருடம் வந்தது.

நின்றது எதனால் என்று சொல்கிறேன். ஓர் இதழ் 500 பிரதி. விலை ஒரு ரூபாய் இருபத்தைந்து காசு. கடைக்காரருக்குக் கமிஷன் 25 சதவீதம். எல்லாம் விற்று, எல்லாரும் ஒழுங்காகப் பணம் அனுப்பினால் 468 ரூபாய் 75 காசு வர வேண்டும். காகிதம், கோப்பு, அச்சு, தைப்பு, தபால் எல்லாம் சேர்த்து ஆரம்பத்தில் 390 ரூபாய்க்குள் முடிந்தது. 1974-இல் காகித விலை ஏறியதும் 450-ஐத் தொட்டது. கணக்கு அப்போதும் உதைக்கவில்லை. உதைத்தது "அனுப்பினால்" என்கிற அந்தச் சொல்லில். பத்துப் பிரதி வாங்கும் கடைக்காரர், அடுத்த இதழ் வரும்போது பழைய பாக்கியைக் கேட்டால், "எங்கே சார் விற்றது, ரிட்டர்ன் அனுப்புகிறேன்" என்பார். ரிட்டர்னும் வராது. நேரில் போய்ப் பார்த்தால் பிரதி இருக்காது. ஒரு ஊரில் எங்கள் பத்திரிகையில் பக்கோடா மடித்துக் கொடுத்ததைச் சாரே வாங்கிச் சாப்பிட்டுவிட்டு வந்தார். எந்தக் கதை என்று கேட்டேன். "கதை இல்லையடா தம்பி, தலையங்கம்" என்றார்.

அச்சகத்தின் பற்று வரவு நோட்டை எடைக்குப் போடும்போது நான் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். இந்தக் கடிதத்துக்காக எடுத்துப் பார்த்தேன். சார் தம் கையால் கடைசிப் பக்கத்தில் எழுதிய கணக்கு இது: கடைகளிலிருந்து வர வேண்டியது 2,260 ரூபாய். அச்சகத்துக்குக் கொடுக்க வேண்டியது 1,340 ரூபாய். கடைக்காரர்கள் கொடுத்திருந்தால் எங்கள் பாக்கியைத் தீர்த்துக் கையில் 920 ரூபாய் மிஞ்சியிருக்கும். அதில் இன்னும் இரண்டு இதழ் வந்திருக்கும். அரசியல் வேண்டாம் என்று காரணம் எழுதிச் சந்தாவை நிறுத்தியவர்கள் அந்த ஆறு வருடத்தில் இரண்டு பேர். அதில் ஒருவர் அடுத்த இதழைப் பழைய பஸ் ஸ்டாண்டுக் கடையில் நின்றபடியே ஓசியில் படித்துக்கொண்டிருந்ததை நானே பார்த்தேன்.

பாக்கி வைக்காதவர்கள் யாரும் இல்லையா என்றால், ஒருவர் இருந்தார். ஏற்காட்டில் ஏரிக்குப் பக்கத்துப் பெட்டிக்கடைக்குப் பத்துப் பிரதி பஸ்ஸில் போகும். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போய்ப் பனியில் நனைந்து, பாதி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு திரும்பி வரும். அங்கே காபித் தோட்டம் ஒன்றில் கணக்கு எழுதும் ரைட்டர் ஒருவர், ஒட்டிப்போன பிரதிகளையும் சேர்த்து ஐந்து வாங்கிக்கொள்வார். மணியார்டர் தவறாமல் வரும். பணம் இல்லாத மாதத்தில் அடிவாரத்துக்கு வரும் பஸ் கண்டக்டரிடம் காபிப்பொடி கொடுத்தனுப்புவார். நோட்டில் அந்த வரியும் இருக்கிறது: "ஏற்காடு. வரவு. காபிப்பொடி அரைக் கிலோ." முதலாளி அதை 1,340-லிருந்து கழித்தாரா என்று தேடினேன். கழிக்கவில்லை. குடித்தது மட்டும் எல்லோரும் குடித்தோம்.

கட்டுரையாளர் மீது எனக்குக் கோபம் இல்லை. அவர் எழுதியதில் ஒன்று சரி: சில பத்திரிகைகளில் அரசியல் கட்டுரைகள் வாயில் நுழையாத நடையில் வந்தன. கோத்தவனுக்குத்தான் அதன் கஷ்டம் தெரியும். 'கட்டமைப்பியல்' என்று ஒரே பக்கத்தில் பதினேழு முறை வந்து எங்களிடம் 'ட்' தீர்ந்துபோன இரவை நான் மறக்கவில்லை. மோசமாக எழுதப்பட்ட அரசியல் என்று அவர் சொல்லியிருந்தால் கை தூக்கியிருப்பேன். அரசியலே கூடாது என்றால், ஒத்துக்கொள்ள முடியாது.

உங்களிடம் இரண்டு கோரிக்கை. இன்றைக்கும் தமிழில் கலை, இலக்கியம், அரசியல் மூன்றையும் சேர்த்துப் பேசும் பத்திரிகைகள் வருகின்றன. நான் மூன்றுக்குச் சந்தா கட்டுகிறேன். ஓய்வூதியம் இல்லாதவன் கட்டும்போது மற்றவர்களும் கட்டலாம். ஆனால் எங்கே கட்டுவது என்று தெரியாமல்தான் பலர் இருக்கிறார்கள். ஞாயிறு இணைப்பிதழில் ராசிபலனுக்குக் கீழே இரண்டு அங்குலம் இடம் ஒதுக்கி, வாரம் ஒரு பத்திரிகையின் முகவரியையும் சந்தா விவரத்தையும் போடுங்கள். விளம்பரக் கட்டணம் கேட்காதீர்கள்.

இரண்டாவது, சேலத்தைப் பற்றிய அந்த வரிக்குத் திருத்தம் வெளியிடுங்கள். வெளியிடும்போது 'நடை' என்ற சொல்லுக்கு மறக்காமல் ஒற்றை மேற்கோள் குறி போடுங்கள். இல்லாவிட்டால் சேலத்துக்காரர்கள் 1968-இல் நடைப்பயிற்சி தொடங்கினார்கள் என்று படித்துவிடுவார்கள்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற அச்சுக்கோப்பாளர்,
செவ்வாய்ப்பேட்டை, சேலம்.